பாம்புக்குப் பட்டி கட்ட முடியுமா?

இக்கல்லூரியில் விலங்கியல் படித்து மிருக வைத்தியத் துறைக்குச் சென்ற சிலரின் சார்பில் பேசுகிறோம்.

யானைக்குக் கழுத்துப் பட்டி கட்டி அதன் வழித்தடத்தை அறியலாம். பாம்புக்கு எங்கே கட்டுவது? தோலில் ஒட்டினாலும், சட்டை கழற்றும்போது கருவியும் கழன்றுவிடும். ஆகவே வானொலி அலை பரப்பும் சிறு கருவியை உடலுக்குள்ளேயே வைத்துத் தைக்கிறார்கள். இச்சத்திரசிகிச்சையை அமெரிக்க ஆய்வாளர்கள் ரைனேர்ட்டும் கண்டலும் 1982 இல் செம்மைப்படுத்தி வெளியிட்டனர்.

பாம்பின் முன்னுடலை ஒளிபுகும் குழாய்க்குள் நுழையவிட்டு, ஐசோபுளூரேன் என்னும் மயக்க வாயுவைச் செலுத்துவர். பாம்பு நெடுநேரம் மூச்சை அடக்கவல்லது, பொறுமை வேண்டும். மயங்கியபின் மூச்சுக்குழாயில் நுண்குழாய் செருகி மூச்சு ஊட்டுவர். விலாப்புறத்தில் செதில்களுக்கிடையே சிறு கீறலிட்டு, கருவியை உடற்குழியில் வைத்து, மெல்லிய அன்ரனாவைத் தோலுக்கடியில் செலுத்தித் தைப்பர். தேறியபின் விடுவர்.

முற்காலத்தில் பாம்பைக் குளிரில் விறைக்கவைத்து வெட்டியதும் உண்டு. குளிர் அசைவைத்தான் நிறுத்தும்; வலியை நிறுத்தாது. கத்தத் தெரியாத உயிர் அசையாமல் கிடந்தால் அதற்கு நோவில்லை என்று கொள்ளலாகாது. மயக்கமருந்தின் அவசியம் அதுவே.

இத்தனை செய்து அறிந்தது என்ன? இடம்மாற்றி விடப்பட்ட கிலுகிலுப்பைப் பாம்புகள், அவ்விடத்திலேயே வாழ்ந்தவற்றைவிட அதிகம் அலைந்தன, அதிகம் இறந்தன என்று அதே ரைனேர்ட் இன்னொருவருடன் சேர்ந்து 1999 இல் எழுதினார். கர்நாடகத்தின் அகும்பேயில் ரொமுலஸ் விட்டேக்கர் குழுவினர் 2008 இல் ராஜநாகங்களுக்குக் கருவி வைத்துப் பின்தொடரத் தொடங்கினர். தொலைவில் கொண்டுபோய் விட்ட ராஜநாகம் அங்கும் ஓரிடத்தில் தங்காமல் அலைந்தது.

பாம்பைப் பிடித்துத் தூரக் காட்டில் விட்டால் அதைக் காப்பாற்றிவிட்டோம் என்றே பலரும் நிம்மதி அடைகிறோம். வழி தெரியாத காட்டில் அது படும் பாட்டை, கத்திக்குக் கீழே கிடந்த பாம்புகளே நமக்குக் காட்டித்தந்தன.

ராஜநாகம் நம் நாட்டில் இல்லை. நாகமும் புடையனும் உண்டு. வளவுக்குள் அவை வந்தால் பிள்ளைகளை விலக்கி, பயிற்சி பெற்றவரை அழைப்போம். கண்காணாத தூரத்துக்குக் கொண்டுபோகாமல், ஆட்கள் புழங்காத அயல் பற்றையில் விடுமாறு கேட்போம். விறகுக் குவியலையும் எலியையும் வீட்டருகே சேரவிடாதிருப்போம். அந்தப் பாம்புகள் பட்ட காயத்துக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இதுவே.