வகுப்புக்குச் சொந்தக் கருவி: கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியையான நம் நகர்வாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.



மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருடம் மணி அடித்தால் பாடத்தை நிறுத்திப் பழகியவள் நான். நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் ஜூன் முதல், எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்கள் கற்றலுக்காகச் சொந்த டேப்லெட்டோ மடிக்கணினியோ கொண்டுவரலாம், பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று அதில் இருக்கிறது. "கொண்டுவரலாம்" என்பதுதான் வாசகம். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே "எந்த டேப் வாங்கலாம், எந்தக் கடையில் சலுகை" என்று பேச்சு தொடங்கிவிட்டது. "லாம்" என்று எழுதியிருந்ததை நாம் "வேண்டும்" என்று படித்துவிட்டோம்.

என் வீட்டில் வேலை செய்யும் அம்மாவும் அப்படித்தான் படித்தார். அவர் மகள் அதே பள்ளியில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்து படிக்கிறாள். ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"டீச்சரம்மா, இதுல போட்டிருக்கிறது என்ன விலைங்க வரும்?"

"பத்தாயிரத்துக்குக் குறையாது."

"வாங்கலேன்னா டி.சி. குடுத்துருவாங்களா?"

கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் கருவி இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இன்று பேசவே ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. 2018 முதல் நம் மாநிலப் பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்று ஓர் இலவசச் செயலி உண்டு. போனுக்குள்ளே இருக்கும் மைக், முடுக்கமானி போன்ற உணரிகளை வைத்தே சோதனை செய்யலாம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒலியின் வேகத்தை அதை வைத்துத்தான் அளந்து காட்டினேன்.

மைதானத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு போன்கள். இரண்டிலும் ஒலியைக் கேட்டு ஓடி, ஒலியைக் கேட்டு நிற்கும் கடிகாரம். முதல் போன் அருகே ஒருத்தி கை தட்டுகிறாள். அந்தக் கடிகாரம் உடனே ஓடுகிறது. அடுத்தது, ஒலி போய்ச் சேர்ந்த பிறகு ஓடுகிறது. பிறகு இரண்டாவது போன் அருகே ஒருவன் தட்ட, அது முதலில் நிற்கிறது, மற்றது தாமதித்து நிற்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி இருபது மீட்டர் கடக்க ஆன நேரம். நொடியில் ஏறக்குறைய நூறில் ஆறு பங்கு. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 340 மீட்டர் பக்கம் வருகிறது. புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண்ணைத் தாங்களே கண்டுபிடித்ததில் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாற்பது பிள்ளைகள், இரண்டே போன். இரண்டும் ஆசிரியர்களுடையவை. ஆளுக்கொரு போன் இருந்திருந்தால் அந்தச் சோதனை இதைவிட நன்றாக நடந்திருக்காது. நாற்பது போன்களும் ஒன்றின் கைதட்டலை இன்னொன்று கேட்டு, ஒன்றும் நடந்திருக்காது!

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். இது பெருமைப்பட்டுச் சொல்வதல்ல. 2020-இல் பள்ளிகளை மூடிய காலம். காலை ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு. ஒரு பையன் தினமும் ஒன்பது இருபதுக்கு வெளியேறிவிடுவான். நான் ஒரு மாதம் அவனுக்கு ஆப்சென்ட் போட்டேன். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் இருப்பது ஒரே போன். அப்பா ஆட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பும்போது போனும் கூடவே போய்விடும். அவன் என்னிடம் வாய் திறந்து சொல்லவே இல்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் எந்தப் பிள்ளை சொல்லும்?

நாம் ஏன் பள்ளியில் சீருடை வைத்தோம்? வீட்டு வசதி வகுப்பறையில் தெரியக் கூடாது என்றுதானே. சொந்தக் கருவி என்று வந்தால், அந்த வித்தியாசம் மறுபடி மேசை மேல் வந்து உட்கார்ந்துவிடும். 2011-இல் நம் மாநிலத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிக் கணினி கொடுத்தார்கள். அதில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் "உன்னுடையது என்ன கம்பெனி" என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தேவை இருக்கவில்லை.

நடைப்பயிற்சியில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "டீச்சர், எங்க ஆபீஸ்லயே சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொல்றாங்க. பசங்க இப்பவே பழகினா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் தம்பி, உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் சம்பளம் வருகிறது. பழுது பார்க்க ஒரு பிரிவே இருக்கிறது. உங்களுக்கு வயது முப்பத்தைந்து. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதின்மூன்று.

கவனச் சிதறலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் நடந்த 'பிசா' தேர்வோடு சேர்த்துப் பல நாட்டு மாணவர்களிடம் கேட்டார்கள். இந்தியா அதில் கலந்துகொள்ளவில்லை. ஓஇசிடி நாடுகளின் சராசரியில், 65 சதவீதம் பேர் சில கணித வகுப்புகளிலாவது கருவியால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். 59 சதவீதம் பேர், அடுத்தவர் கையில் இருக்கும் கருவியால் தங்கள் கவனம் போவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், பள்ளியில் படிப்புக்காக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வரை கருவியைப் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அளவோடு இருந்தால் நன்மை உண்டு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 2025-இல் தில்லி உயர் நீதிமன்றமும், பள்ளிகளில் ஸ்மார்ட்போனை அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதல்ல, ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பொருளில் வழிகாட்டியது.

ஆகவே படிவத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேட்போம் என்கிறேன்.

ஒன்று, எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை பீரியட்? "கற்றலுக்காக" என்றால் போதாது.

இரண்டு, கருவி இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே கொடுக்குமா? அல்லது நான்கு பேருக்கு ஒன்று என்று குழுவாக நடத்த முடியுமா?

மூன்று, வீட்டுப்பாடத்தை நோட்டிலும் செய்து தர அனுமதி உண்டா?

நான்கு, உணவு இடைவேளையிலும் விளையாட்டு நேரத்திலும் கருவி எங்கே இருக்கும்? தொலைந்தால், உடைந்தால் யார் பொறுப்பு?

ஐந்து, எந்தச் செயலியில் பிள்ளையின் பெயர், படம், மதிப்பெண் போகிறது? 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் தேவை. நாம் கையெழுத்திடும் தாளில் அது தெளிவாக இருக்கிறதா?

தனித்தனியாகப் போய்க் கேட்டால் "நீங்கள் மட்டும்தான் கேட்கிறீர்கள்" என்பார்கள். சங்கத்தின் பெயரில் பெற்றோர் பத்துப் பேர் போவோம். மரியாதையாகக் கேட்போம். ஆசிரியர்களும் இந்த மாற்றத்தில் திண்டாடத்தான் போகிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை.

நம் பங்குக்கும் ஒன்று செய்யலாம். நம் அலமாரிகளில் பழைய டேப்லெட், லேப்டாப் எத்தனை தூங்குகின்றன? அவற்றில் உள்ள சொந்தத் தகவல்களை அழித்துக் கொடுங்கள். இதே கூடத்தில் வாரம் ஐந்து நாள், மாலை ஆறு முதல் எட்டு வரை, நானும் என்னைப் போல ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும், நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும், காவலாளியின் பிள்ளைகளும் வரட்டும். ஒரே மேசையில் உட்காரட்டும். வைஃபை செலவு மட்டும் சங்கம் ஏற்க வேண்டும். பொருளாளர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறார். பெரிய செலவில்லை சார், பரிசீலியுங்கள்.

அந்த அம்மாவிடம் படிவத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளியின் பதில் வரட்டும், பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அதுவரை பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "லாம்" என்பது அந்தப் பெண்ணுக்கும் "லாம்" ஆகவே இருக்க வேண்டும்.