வெடித்த மண்ணும் வெட்டிய ஓரமும்

கண்ணால் பார்க்கவேண்டிய ஒரு கலையைக் காதுக்குச் சொல்லும் வேலை இன்று எனக்கு. பரவாயில்லை. நான் பேசப்போகும் படம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாளம் பாளமாக வெடித்த ஏரி, மேலே வெளுத்த வானம், நடுவில் ஒரு காலிப் படகு, அல்லது குடத்தோடு நடக்கும் ஒரு பெண். 2019 கோடையில் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் கைவிட்டபோது இந்தப் படம் வராத பத்திரிகை இல்லை. மயிலாப்பூரில் தண்ணி லாரிக்குக் காத்திருந்தவர்கள் கையிலிருந்த போனிலும் அதே படம்தான் சுற்றியது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சியைப் பற்றி எடுக்கக்கூடிய படங்களிலேயே சுலபமானது இது. சொல்லும் சேதியும் குறைவு.

ஏன் என்று கேட்பீர்கள். ஏரியின் அடியில் இருப்பது களிமண் கலந்த வண்டல். ஈரம் போனதும் அது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். தண்ணீர் கொஞ்சம் பின்வாங்கினாலே கரையோரம் வெடித்துவிடும். நல்ல மழை பெய்த வருஷத்தில்கூட மே மாதம் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் நாலு வெடிப்பு கிடைக்கும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் பாதி இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதை ஓரத்து வெடிப்பு சொல்லாது. இந்த இடம் காய்ந்துவிட்டது என்பதோடு அதன் சாட்சியம் முடிந்தது.

அதை மிரட்டலாகக் காட்டுவதும் பெரிய வித்தையில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது போகவேண்டும். ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் நிறையும். உச்சி வெயிலில் எடுத்தால் அதே மண் தட்டையாகத் தெரியும். அகலக்கோண லென்ஸை மாட்டிக் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் கட்டைவிரல் நுழையும் வெடிப்பு பள்ளத்தாக்காகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் ஓரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை ஏற்று, மங்கலை நீக்கும் டிஹேஸை ஏற்று, ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் தள்ளு. சாம்பல் வண்டல் செம்மண்ணாகும். பார்க்கிறவருக்கு வேர்க்கும்.

இதெல்லாம் டிஜிட்டல் காலத்துத் திருட்டு என்று நினைக்கவேண்டாம். லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் நீல நிறம் அதிகமாகப் பதியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வரும். மனிதர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகத்தைத் தீட்டிவிட்டார்! அழகான மேகங்கள்தான். அன்றைக்கு மதுரை வானத்தில் இல்லை, அவ்வளவே.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 1936-ல் அமெரிக்காவில் நடந்தது. தெற்கு டகோட்டாவில் கடும் வறட்சி. ஆர்தர் ரோத்ஸ்டீன் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர், வெடித்த தரையில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைப் படமெடுத்தார். அதையே சில அடி தள்ளிப் புல்லில் வைத்தும் எடுத்தார். இரண்டும் வெளியே வந்தன. தேர்தல் வருஷம் வேறு. அதிபர் ரூஸ்வெல்ட்டின் எதிரிகள் விடுவார்களா? மண்டையோட்டை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் வறட்சி ஜோடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் கிழித்தன. மண்டையோடு நிஜம், வறட்சியும் நிஜம். நகர்த்திய அந்தச் சில அடியால் நிஜமே சந்தேகத்துக்கு ஆளானது.

இதைவிட மோசமானது நம் மண்ணிலேயே நடந்தது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக இருந்தவர்களை ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுப்பதுபோல வரிசையாக உட்காரவைத்து எடுத்தவர் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர். எதையும் தீட்டவில்லை, அழிக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

இன்றைய செய்திப்படப் போட்டிகளில் விதி தெளிவு. வெளிச்சத்தையும் நிறத்தையும் அளவோடு சரிசெய்யலாம். இருந்ததை அழித்தாலோ இல்லாததைச் சேர்த்தாலோ படம் வெளியே போகும். ஏரி நடுவில் எஞ்சிய ஒரு குட்டைத் தண்ணீரைச் சாஃப்ட்வேரில் அழித்தால் குற்றம். அதே குட்டையை ஓரத்தில் வெட்டி எறிந்தால்? வெட்டுவதற்கு அனுமதி உண்டு. இரண்டு அடி நகர்ந்து நின்று, அது ஃபிரேமுக்குள் வராமலே பார்த்துக்கொண்டால் கேட்க ஆளே இல்லை. மூன்றிலும் பார்க்கிறவர் ஏமாறுவது ஒரே மாதிரிதான். ஆகையால் எவ்வளவு எடிட் செய்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. இடது பக்கம் என்ன இருந்தது என்று கேட்பேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த படம், புழல் ஏரியின் செயற்கைக்கோள் படம். 2018 ஜூன் 15 ஒன்று, 2019 ஏப்ரல் 6 ஒன்று. முதலில் நீர் பரந்து கிடந்தது, இரண்டாவதில் பெரும்பாலும் தரை. ஏரி முழுக்க ஃபிரேமுக்குள் இருந்ததால் ஓரத்தில் ஒளிக்க இடமில்லை. ஒரே மாதத்தை ஒப்பிடவில்லையே என்று ஒருவர் குறை சொல்லலாம், நியாயம்தான். ஆனால் ஏப்ரலில் கத்திரியே தொடங்கவில்லை. அதற்குள்ளேயே அந்த நிலை என்றால் ஒப்பீடு வறட்சியைக் குறைத்துத்தான் காட்டியது. ஒரு குறை மட்டும் உண்டு: அத்தனை உயரத்திலிருந்து மனிதர் தெரியமாட்டார்.

மனிதர் தெரிந்தது தெருவில். 2019 ஜூனில் ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தது வெடித்த மண்ணை அல்ல, வற்றிக்கொண்டிருந்த கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்களை. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ரயிலில் தண்ணீர் வந்த அந்தப் படம் ஏரிப் படம் சொல்லாததைச் சொன்னது. குடிதண்ணீர் வரிசையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. மஞ்சள், நீலம், ரோஸ் பிளாஸ்டிக் குடங்கள்தான் அங்கே ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கின்றன. கழுத்தில் கட்டிய கந்தல் துணியும் நகப்பாலிஷில் எழுதிய ஒரு எழுத்தும் இது யார் வீட்டுக் குடம் என்று சொல்லும். நிறத்தை எடுத்தால் வீடுகள் போய்விடும். சோகம் மட்டும் மிஞ்சும்.

படமே எடுக்கமுடியாத வறட்சியும் ஒன்று உண்டு. தியாகராய நகரில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் உட்கார்ந்திருப்பது ஏரிக்குள். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது லாங் டேங்க். அதில் படகுப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தி. நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. அங்கே நின்று கேமராவைத் தூக்கினால் வெடிப்பு கிடைக்காது. அடுக்குமாடி, சின்டெக்ஸ் தொட்டி, வாசலில் தண்ணி லாரி. படத்தின் கீழே இரண்டு வரி எழுதினால்தான் அது ஏரிப் படமாகும்.

செம்பரம்பாக்கத்துக்கும் அந்த இரண்டு வரி தேவைதான். எந்தத் தேதி, எந்த மதகுப் பக்கம், அன்றைக்கு நீர்மட்டம் எத்தனை அடி, கேமராவுக்கு முதுகுப் பக்கம் தண்ணீர் இருந்ததா. இடம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம்: 2015 டிசம்பரில் இதே ஏரியின் உபரி நீரும் சேர்ந்துதான் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது; அதிலிருந்து 2019 வறட்சிக்கு நான்கு வருஷம்கூட ஆகவில்லை.