ரேகைச் சட்டமும் பித்தளைக் குழாயும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கே.கே. நகர்ப் பெருமக்களே, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணித் தம்பி ஆவேசமாகப் பேசினார். "தண்டனையைக் கடுமையாக்கு, குற்றம் தானாகக் குறையும்" என்றார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் தினமும் கடுந்தண்டனை வாங்கியும் திருந்தாத என்னைப் போன்றவர்களை அவர் பார்த்ததில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

ஆட்டோ சங்கரைச் சொன்னார். சரி. திருவான்மியூர்ப் பக்கம் ஆறு கொலைகள். 1995 ஏப்ரல் 27-ல் சேலம் சிறையில் தூக்கு. நான் கேட்கிறேன், அந்த ஆள் கொலை செய்த 1987, 88-லும் தூக்குத் தண்டனை சட்டப் புத்தகத்தில் இருந்ததா, இல்லையா? இருந்தது! ஏன் பயப்படவில்லை? 'நம்மளை யார் பிடிக்கப் போறா' என்கிற தைரியம். தண்டனை எவ்வளவு பெரிசு என்று எவனும் கணக்குப் போடுவதில்லை ஐயா. மாட்டுவோமா, மாட்ட மாட்டோமா என்றுதான் கணக்குப் போடுகிறான்.

கடுமைக்கு ஒரு எல்லை பார்ப்போமா? வெள்ளைக்காரன் பார்த்தான். 1871-ல் வடக்கே போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவனும், பிறந்த குலத்துக்காகவே கைரேகை வைக்கணும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்கணும். வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். மதுரைப் பக்கம் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ல், ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைச் சுட்டார்கள். செத்தவர்களில் மாயாக்காள் என்ற ஒரு பெண்ணும் உண்டு.

இதைவிடக் கடுமை வேண்டுமா? அந்தக் கடுமையால் எல்லாம் சரியாகிவிட்டதென்றால், அதே வெள்ளைக்காரன் அதே பிறமலைக் கள்ளர் மக்களுக்கு ஏன் பள்ளிக்கூடம் திறந்தான்? ஏன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தான்? லத்தியால் முடியவில்லை, சிலேட்டைக் கொண்டு வந்தான்! (கைதட்டல்) சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. பள்ளிக்கூடங்கள் நிலைத்தன. அவற்றில் படித்து ஆசிரியரானவர்கள் உண்டு, போலீஸ் அதிகாரியானவர்களும் உண்டு.

'அது வெள்ளைக்காரன் காலம்' என்பீர்கள். நம்ம தெருவுக்கே வாங்க. இங்கே ராஜமன்னார் சாலை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் பெயர். அந்தச் சாலைக்குப் பக்கத்தில், சில வருஷத்துக்கு முன், நீதிபதி இல்லாமலே ஒரு தீர்ப்பு நடந்தது. வாசல் பித்தளைக் குழாயைத் திருகிக்கொண்டு ஓடிய ஒரு பையனைப் பிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வயசு இருக்கும். விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து ஆளுக்கொரு அடி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஒன்று வைத்தேன். ஏன்னா, போன மாசம் களவு போனது எங்க வீட்டுக் குழாய். (சிரிப்பு)

சிரிக்காதீங்க. அந்தப் பையன் அழக்கூட இல்லை. அடி அவனுக்குப் பழக்கம்.

என் மனைவி வந்தாள். கட்டை அவிழ்த்தாள். "எந்த ஸ்கூல்ல படிக்கிறே?" என்று கேட்டாள். "அஞ்சாவதோட நின்னுட்டேன்" என்றான். அப்பா குடி. அம்மாவுக்கு முடியலை. குழாயைப் பழைய சாமான் கடையில் போட்டால் அன்றைக்குச் சோறு. முப்பது பேர் அடித்தோம். ஒருத்திதான் கேட்டாள். திருட்டுக் குழாயைக் காசு கொடுத்து வாங்குகிற கடைக்காரரை யாரும் கம்பத்தில் கட்டவில்லை.

பள்ளியில் சேர்க்கலாம் என்று மறுவாரம் அவனைத் தேடிப் போனாள். குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நடுவர் அவர்களே, தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரனைச் சட்டம் தவறாமல் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் அடுத்த குழாயை அந்தப் பையன் திருகாமல் தடுக்க, நான் அடித்த அடி உதவியிருக்காது. அவனைப் படிப்பை நிறுத்தவிடாமல் அஞ்சாவதிலேயே நாம் பிடித்திருக்க வேண்டும். ஆகவே, குற்றத்தைக் குறைப்பது சமூகத்தின் பொறுப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)