முடியாமல் நீளும் எண்கள்



வட்டம், உருளை, கூம்பு என்று எந்தக் கணக்கு வந்தாலும் பையின் மதிப்பை 22/7 என்று வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம். வசதிக்காக எடுத்துக்கொண்ட தோராயம், நாளடைவில் உண்மை மதிப்பாகவே மனத்தில் படிந்துவிடுகிறது. 22ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.142857 142857 என்று ஆறு இலக்கங்கள் சுற்றிச் சுற்றி வரும். பையோ 3.14159 என்று போகிறது. மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டுக்கும் வழி பிரிந்துவிடுகிறது. ஆர்க்கிமிடீஸ் 22/7ஐ மேல் எல்லையாகத்தான் சொன்னார். ஆரியபட்டரும் தாம் தந்த 62832/20000 தோராயமே என்று சொல்லித்தான் தந்தார். முழு எண்களாலான எந்தப் பின்னமும் பைக்குச் சமமாகாது என்று 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் நிறுவினார்.

சரி, பைக்கு முடிவே இல்லையாமே, அப்படியானால் அது முடிவிலிதானே என்று கேட்பவர்கள் உண்டு. 3.15ஐக்கூட எட்டாத எண் அது! முடியாமல் நீள்வது அதன் தசம வடிவம் மட்டுமே. 1/3ஐத் தசமத்தில் எழுதினாலும் 3, 3, 3 என்று நீண்டுகொண்டேதான் போகும். அதை யாரும் முடிவிலி என்பதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே இலக்கத்தொகுதி மாறாமல் திரும்பிக்கொண்டிருந்தால் விகிதமுறு எண், இல்லாவிட்டால் விகிதமுறா எண்.

இங்கேயும் ஓர் அவசர முடிவு காத்திருக்கிறது. திரும்பாமல் ஓடும் இலக்கங்களில் எல்லாமே எங்காவது வந்துதானே தீரும், நம் தொலைபேசி எண்கூடப் பைக்குள் இருக்கும் என்கிறார்கள். 0.101001000100001 என்று ஒவ்வொரு முறையும் ஒரு பூஜ்யம் கூட்டிக்கொண்டே போங்கள். இது விகிதமுறா எண்தான்; ஆனால் 7 என்ற இலக்கம் இதில் ஒருபோதும் வராது. பையில் எல்லா எண்வரிசைகளும் உண்டு என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

முடிவிலிகள் எல்லாம் ஒரே அளவு என்பது மற்றொரு நம்பிக்கை. பின்னங்கள் எண்ணற்றவை, ஆனாலும் ஒன்றுகூட விடுபடாமல் வரிசையிட ஒரு வழி உண்டு. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசமங்கள் அனைத்தையும் அப்படி வரிசையிட்டுவிட்டதாக ஒருவர் சொல்லட்டும். முதல் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 5 என்றால் 6 என்று எழுதுங்கள், வேறு எதுவானாலும் 5 என்று எழுதுங்கள். இரண்டாம் எண்ணில் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணில் மூன்றாம் இலக்கம் என்று தொடருங்கள். கிடைக்கும் எண் பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணோடும் ஓர் இடத்திலாவது மாறுபடும். ஆகவே அது பட்டியலில் இல்லை. விடுபட்டதைச் சேர்த்துக்கொண்டால் போயிற்று என்பார்கள். சேர்த்த பட்டியலுக்கும் இதே கதிதான். கேன்டர் 1891இல் வெளியிட்ட முறை இது. எண்கோட்டில் விகிதமுறா எண்களே மிகுதி என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கல்லூரிக் கணிதம் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக்கு ஒரே பாடவேளை போதும். கரும்பலகையில் ஐந்தாறு வரிசை எழுதி மாணவர்களையே இலக்கங்களை மாற்றச் சொல்லுங்கள் என்று இங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.