போன் கையில் இருக்கு. எந்த ஆளைத் தேடணும்?

(மயிலாப்பூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. வருமானச் சான்றிதழ் வேணும்னா இ-சேவை, குப்பை எடுக்கலைன்னா 1913, ஆம்புலன்ஸுக்கு 108 என்பதெல்லாம் உங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் மாடி வீட்டில் இருக்கிற வயசான அம்மாவை, வீட்டை எழுதி வாங்கிக்கிட்ட மகனே வெளியே போகச் சொல்றான்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க? பக்கத்து போர்ஷனில் ஒரு பெண் அடி வாங்குற சத்தம் ராத்திரி கேட்டா யாரைக் கூப்பிடுவீங்க? பெரும்பாலும் நாம செய்யறது, டிவி சத்தத்தைக் கூட்டிக்கறதுதான். "அது அவங்க குடும்ப விஷயம்" என்று சொல்லிவிடுகிறோம்.

அது குடும்ப விஷயம் மட்டும் இல்லை என்று முதலில் சொன்னவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். இளம் விதவைகளை வீட்டு மூலையில் உட்கார வைத்திருந்த காலத்தில், சகோதரி சுப்புலட்சுமி அவர்களுக்கு மெரினா ஐஸ் ஹவுஸில் தங்க இடமும் படிப்பும் கொடுத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போனார். தேவதாசி முறையை ஒழிக்கணும்னு அங்கே போராடினார். அந்தச் சட்டம் முழுமையாக வந்தது 1947இல். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் எங்கே போவாங்க? அதனால்தான் 1930இலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாறில் அது இன்னைக்கும் நடக்குது. 1937இல் துர்காபாய் இதே மயிலாப்பூர்ப் பகுதியில் ஆந்திர மகிள சபாவைத் தொடங்கினார். அவர்தான் பின்னால் 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் ஆனார். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இரக்கம் மட்டும் போதாது, இதுக்குப் பயிற்சி வேணும் என்பது அப்போதே புரிந்த விஷயம்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் கதவைத் திறந்தது மனிதர்கள். சட்டம் பின்னால் வந்தது. அப்படி வந்த சட்டங்களும், ஒரு மனிதர் நடுவில் இல்லாமல் வேலை நடக்காதுன்னு தெரிஞ்சு, தங்களுக்குள்ளேயே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கின்றன. இரண்டு சட்டங்களை மட்டும் சொல்றேன்.

முதலாவது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நம்ம மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் அதன் தலைவர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 90 நாளில் மனுவை முடிக்கணும். விசேஷ காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். பெற்றோரால் நடமாட முடியவில்லை என்றால், அவர்கள் அனுமதி கொடுத்த வேறொருவரோ ஒரு அமைப்போ அவர்களுக்காக மனு போடலாம். "என்னைக் கவனிச்சுக்கணும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்கவும் வழி இருக்கு. அதனால தானப்பத்திரம் எழுதும்போதே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்க.

இதில் சமூகப் பணியாளர் எங்கே வருகிறார்? மாவட்ட சமூக நல அலுவலரையோ, அவருக்குக் குறையாத பதவியில் இருப்பவரையோ பராமரிப்பு அலுவலர் என்று சட்டமே குறிப்பிடுது. பெற்றோர் விரும்பினால் அவர் அவங்க சார்பில் தீர்ப்பாயத்தில் நிற்பார். விசாரணைக்கு முன்னால், பேசித் தீர்க்க ஒரு சமரச அலுவலரிடம் அனுப்பவும் இடம் உண்டு. பெரும்பாலான அம்மாக்களுக்கு மகனைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்னு ஆசை இல்லை. "சோறு போடட்டும், மாத்திரை வாங்கித் தரட்டும், பேரப்பிள்ளையைப் பார்க்க விடட்டும்" என்பதுதான் அவங்க கேட்கறது. அந்த வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டு, மகனையும் மருமகளையும் எதிரே உட்கார வைத்துப் பேச ஒரு ஆள் வேணும். அந்த வேலையை எந்தச் செயலியாலும் செய்ய முடியாது.

இரண்டாவது, குடும்ப வன்முறைச் சட்டம், 2005. இதில் அந்த நாற்காலிக்குப் பெயர் பாதுகாப்பு அலுவலர். பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேட்டு அறிக்கை எழுதுவது, மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க உதவுவது, இலவச சட்ட உதவி, தங்கும் இடம், மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. மனு வந்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் இருக்கணும். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இது: வன்முறை நடக்குதுன்னு நம்பக் காரணம் இருக்கிற யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கு. "நமக்கு எதுக்கு வம்பு" என்ற பயத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கிற பதில் அது.

இப்போ போனை எடுங்க. நாலு எண்களைச் சேமிச்சு வெச்சுக்கோங்க. முதியோருக்கு 14567. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. உயிருக்கு ஆபத்து என்றால் 112. கூப்பிடும்போது கோபத்தைக் கொட்டாமல், விவரத்தைச் சொல்லுங்க: வீடு எங்கே, அவருக்கு என்ன வயசு, எத்தனை நாளா நடக்குது, இப்போ உடனே ஆபத்து இருக்கா. முடிந்தவரை, பாதிக்கப்பட்டவர் சம்மதத்தைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்க. தயவுசெய்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. உதவி வருவதற்கு முன்னால் அவமானம் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் அவங்க வாயே திறக்க மாட்டாங்க.

அரசுத் தரப்புக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் திட்டங்களுக்குக் குறைவு இல்லை. முதியோர் ஓய்வூதியம் 1962இலிருந்து இருக்கு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. பணம் வங்கிக் கணக்குக்கு நேராகப் போவதால் இடைத்தரகருக்கு வேலை குறைந்திருக்கு. ஆனால் இடைத்தரகர் வேறு, சமூகப் பணியாளர் வேறு. கைரேகை தேய்ந்துபோன பாட்டிக்கும், அடையாறு ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடி மாற்றப்பட்டு, முகவரியும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே சமயத்தில் மாறிய குடும்பத்துக்கும், பக்கத்தில் நின்று வழி காட்ட ஆள் வேணும். ஒரே அலுவலர் தலையில் பத்து வேலையைக் கட்டினால், அவர் கோப்பைத்தான் பார்ப்பார். வீட்டுக்குப் போக நேரம் இருக்காது. ஒரு திட்டத்துக்குச் செயலி தயாரிக்கும்போதே, அதற்குக் களத்தில் எத்தனை பேர் வேணும், அவர்கள் சம்பளம், பயணப்படி என்ன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், போன் இல்லாத ஒருத்தருக்கு, அது எதிர்வீட்டு மாமியோ, உங்க வீட்டில் வேலை செய்யும் அக்காவோ, இந்த எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. "எந்நேரமானாலும் என் கதவைத் தட்டுங்க, நான் போன் பண்ணித் தர்றேன்" என்றும் சொல்லுங்க.