வங்கிச் சட்டத்தரணியும் பிணைக் கையொப்பமும்



சட்டத்தரணி என்றதும் நீதிமன்றத்திலே எழுந்து நின்று வாதாடுபவரே நம் மனக்கண் முன் தோன்றுவார். ஆயின், அத்தொழிலில் ஒரு சாரார் வழக்கு எழாதிருக்கும் பொருட்டே உழைக்கின்றனர். வங்கிகளுக்கும் கடன் பெறுவோர்க்கும் இடையே உடன்படிக்கைகளை ஆக்கும் சட்டத்தரணிகள் அவர்கள். அவர்தம் பணி யாது, அது நம்போன்றோர் வாழ்வை எவ்விடத்திலே தொடுகின்றது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பெருந்தொகையைக் கடனாகக் கொடுக்குமுன் ஒரு வங்கி மூன்று வினாக்களுக்கு விடை தேடும். கடன் கேட்பவர் சட்டப்படி அதனைப் பெறத் தக்கவரா? ஈடாகக் காட்டப்படும் சொத்து உண்மையில் அவருடையதா? அவர் தவறினால் பணத்தை எவ்வழியால் மீட்பது? கடன் கேட்பது கம்பனியாயின், அதன் அமைப்பு விதிகளையும் இயக்குநர் சபையின் தீர்மானத்தையும் சட்டத்தரணி பரிசோதிப்பார். ஈடு காணியாயின், காணிப் பதிவகத்திலே பழைய உறுதிகளைத் தேடி, அது முன்னரே வேறெவருக்கும் ஈடு வைக்கப்பட்டுள்ளதா எனப் பார்ப்பார். அதன் பின்னரே கடன் உடன்படிக்கை, ஈட்டு உறுதி, பிணைப் பத்திரம் ஆகியவற்றை வரைவார்.

இவ்வெழுத்துக்களின் வலிமை பெரிது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே, இயக்குநர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை நம் நாட்டு வங்கிகளுக்கு வழங்கியது. ஈட்டு உறுதியிலே இடும் கையொப்பம் எத்துணைப் பாரமுடையது என்பதற்கு இதுவே போதிய சான்று.

கடன் பெறுபவர் தம் தேவைக்காகக் கையொப்பமிடுகின்றார். பிணை நிற்பவரோ பிறர் தேவைக்காகக் கையொப்பமிடுகின்றார். பாடசாலைகளிலே கடமையாற்றும் எம்மவர்க்கு இது நன்கு தெரியும். நிரந்தர நியமனம் பெற்ற அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணையாகக் கொண்டு வருமாறு வங்கி கூறினால், பலரும் முதலில் நாடுவது ஓர் ஆசிரியரையே. இடைவேளையிலே பத்திரம் வந்து சேரும். “இந்த இடத்தில் ஒரு கையொப்பம், சேர்” என்பர். மறுத்தால் உறவு கசக்கும். நின்று வாசித்தாலோ, நம்பிக்கையற்றவர் என்ற பெயர் வரும். ஆகவே வாசியாமலே கையொப்பமிடுவோர் பலர்.

நம் நாட்டுப் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்குச் சில பாதுகாப்புகளை அளித்துள்ளது. “முதலிற் கடனாளியின் சொத்திலிருந்து அறவிட முயல்க, போதாவிடின் என்னிடம் வருக” என்று கூறும் உரிமை ஒன்று. பிணையாளிகள் பலராயின், “என் பங்கை மாத்திரம் கேட்க” என்று கூறும் உரிமை மற்றொன்று. ஆனால், வங்கிகளின் பிணைப் பத்திரங்களிலே இவ்வுரிமைகளைக் கைவிடுவதாக ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். அவ்வாசகத்தை வரைந்தவர் வங்கியின் சட்டத்தரணி. அவர் தம் கட்சிக்காரரின் நலனைக் காத்தார், அதிற் குற்றமில்லை. கையொப்பமிடுபவர் அதனை அறிந்து இட்டாரா என்பதே வினா.

அறியாமல் இட்ட கையொப்பம் சில வேளைகளில் வங்கிக்கும் பயன்படாமற் போகும். அவுஸ்திரேலியாவிலே அமாடியோ என்னும் முதிய தம்பதியர் இருந்தனர். இத்தாலியிலிருந்து குடியேறிய அவர்களுக்கு ஆங்கில அறிவு குறைவு. கட்டடத் தொழில் நடத்திய மகனின் கம்பனிக்காக, 1977இல், வங்கி முகாமையாளர் வீட்டிற்குக் கொண்டுவந்த பத்திரத்திலே அவர்கள் கையொப்பமிட்டனர். தம் பொறுப்பு 50,000 டொலருக்கும் ஆறு மாதங்களுக்கும் உட்பட்டதென எண்ணியிருந்தனர். பத்திரத்திலோ தொகைக்கும் காலத்திற்கும் எல்லை இல்லை. மகனின் கம்பனி இடர்ப்பட்டிருந்ததை வங்கி அறிந்திருந்தது, பெற்றோர் அறிந்திலர். 1983இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அப்பத்திரத்தைத் தள்ளுபடி செய்தது.

இங்கிலாந்திலே 2001இல் பிரபுக்கள் சபை எற்றிட்ஜ் வழக்கில் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. கணவனின் கடனுக்காக மனைவி பிணை நிற்கும்போது வங்கி செய்ய வேண்டுவனவற்றை அது வகுத்தது. மனைவிக்காக ஒரு சட்டத்தரணி அமர்ந்து, கணவன் உடனில்லாத வேளையில் அவளை நேரிற் சந்தித்து, ஆபத்து இன்னதென எளிய மொழியில் விளக்கி, மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டென்பதையும் சொல்லுதல் வேண்டும். அவ்வாறு விளக்கியதாக அவர் எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை வங்கி அக்கொடுக்கலை மேற்கொண்டு நடத்துதல் ஆகாது. இத்தீர்ப்பு அந்நாட்டிற்குரியது. எனினும், அதன் நியாயம் எந்நாட்டிற்கும் பொருந்தும். விளக்கிப் பெற்ற கையொப்பமே வங்கிக்கும் உறுதியான காப்பு என்பதை நல்ல வங்கிச் சட்டத்தரணி உணர்வார்.

நம்மைப் பொறுத்தவரை, பிணைப் பத்திரம் நம் முன் வைக்கப்படும்போது கேட்கவேண்டியவை நான்கு. தொகைக்கு எல்லை உண்டா? இனி வாங்கப்படும் கடன்களும் இதில் அடங்குமா? என் பொறுப்பு எப்போது முடியும்? நான் கைவிடும் உரிமைகள் எவை? விடைகளை வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாது, பத்திரத்திலே எவ்விடத்தில் அவை உள்ளன எனக் காட்டுமாறு கேளுங்கள். மொழி விளங்காவிடின், விளங்கியவரோடு அமர்ந்து வாசியுங்கள். ஒரு பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதனால் உறவு முறிந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. பிணை நின்றவரின் சம்பளத்திலே பிறர் கடன் கழிக்கப்படும்போது தோன்றும் மனக்கசப்போடு ஒப்பிட்டால், ஒரு நாட்பொழுது தாமதித்து வாசிப்பதால் வரும் சங்கடம் மிகச் சிறிது. வாசித்து விளங்கிய பின்னும் உதவ விரும்பினால், மனமுவந்து கையொப்பமிடுங்கள். அவ்வுதவி உண்மையில் நீங்கள் அறிந்து செய்த உதவியாகும்.