வெளியேறும் வாக்கு
(காரைதீவில் நிகழ்த்திய உரை)



வாய்க்காலில் நீர் திறக்கும் நாள் முதல் வழக்குத் தவணை வரை பல செய்திகளும் இன்று வாட்ஸ்அப் குழுக்களின் மூலமே நம்மை வந்தடைகின்றன. குழுவை அமைத்தவர்கள் நாம். அது நிற்கும் நிலமோ நம்முடையதன்று. நிலத்துக்குரியவர் நிபந்தனையை மாற்றினால் நாம் யாது செய்வோம்?

2021 ஜனவரியில் இக்கேள்வி உலகின் முன் எழுந்தது. புதிய நிபந்தனைகளைப் பெப்ரவரி 8 ஆம் நாளுக்குள் ஏற்குமாறு வாட்ஸ்அப் நிறுவனம் கேட்டது. நடுநிலையோடு சொல்வதாயின், நண்பர் இருவர் எழுதிக்கொள்வதை நிறுவனம் படிக்கும் என்று அவை கூறவில்லை. வணிகர்களோடு நாம் கொள்ளும் தொடர்பும், பேஸ்புக்கோடு தகவல் பகிர்வுமே அவற்றின் பொருள். ஆயினும், ஏற்றுக்கொள், அன்றேல் வெளியேறு என்ற கட்டளையை மக்கள் பொறுக்கவில்லை. சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் திரண்டு சென்றனர். 72 மணி நேரத்தில் 2 கோடியே 50 இலட்சம் பேர் புதிதாகச் சேர்ந்ததாக டெலிகிராம் அறிவித்தது. விளைவு யாது? கெடு மே 15 க்குத் தள்ளப்பட்டது. ஏற்காதோரின் கணக்கும் நீக்கப்படாது என்றது நிறுவனம். ஆனால் நிபந்தனை மீளப்பெறப்படவில்லை.

டுவிட்டரை 2022 ஒக்டோபரில் இலோன் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு வாங்கினார். ஊழியரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரை நீக்கினார். ஆளை உறுதிசெய்து இலவசமாக வழங்கப்பட்ட நீலக்குறியை மாதம் 8 டொலருக்கு விற்றார். வெறுத்தோர் பலர் வெளியேறினர். அவர்கள் நாடிய புளூஸ்கையின் உறுப்பினர் தொகை 2024 நவம்பரில் 2 கோடியைத் தாண்டியது. எனினும், எக்ஸ் என்று பெயர் மாறிய பழைய தளம் விழவில்லை. ஏன்? தனியே வெளியேறுபவன் தன் சுற்றத்தை இழக்கின்றான். ஆகவே ஒவ்வொருவனும் அயலவன் முதலிற் போகட்டும் என்று காத்திருக்கின்றான்.

தொலைவிலுள்ள நிறுவனத்தின் தீர்மானம் நம்மைத் தொடாது என்று எவரும் எண்ணற்க. உணவில் மலட்டு மருந்து கலந்ததாக 2018 பெப்ரவரியில் பரவிய பொய், அம்பாறை நகரில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படும் வரை சென்றது. அவ்வாண்டு இலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களில் தன் தளம் வகித்த பங்குக்குப் பேஸ்புக் 2020 மே மாதத்திலேதான் மன்னிப்புக் கேட்டது.

பெரும்போகத்துக்கு எந்நாளில் நீர் விடுவது, எந்நாளில் விதைப்பை முடிப்பது என்பவற்றை ஆரம்பக் கூட்டத்தில் உழவர் கூடித் தீர்மானிக்கின்றனர். ஒவ்வாத தீர்மானத்தை எழுந்து நின்று எதிர்க்கலாம். அமெரிக்காவில் எடுக்கப்படும் தீர்மானத்தை எதிர்க்க நமக்குக் கூட்டமும் இல்லை, வாக்கும் இல்லை. வெளியேறுவது ஒன்றே நம் வாக்கு. அது கூட்டாக அளிக்கப்பட்டாலன்றிப் பயன் தராது.

ஆகவே, ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், ஒவ்வொரு சங்கமும் உறுப்பினரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கட்டும். செய்தி அனுப்ப வேறொரு வழியையும் இப்போதே பழகிக்கொள்ளட்டும். போக வேண்டிய காலம் வந்தால், பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து ஒரே நாளில் போகட்டும்.

சட்டத்தின் துணையையும் கேட்போம். தம் தரவுகளைப் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் மக்களுக்கு அளித்துள்ளது. பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகளோடு தொடர்புகொள்ள இடமளிக்க வேண்டும் என்று 2022 இல் சட்டமும் இயற்றியது. இலங்கைச் சட்டத்திலும் இவ்வுரிமைகள் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.

அதுவரை பதிவேடு நம் கையில் இருக்கட்டும். அதனை இவ்வாரமே தொடங்குங்கள்.